மேசைமேல் நிற்கும் ஆட்கள்

லோர்னா ஷாக்லாக் கோபப்பட்டால் தெருவுக்கே கேட்கும். அவளுக்கு மட்டும் கேட்காது. தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதை எதிரே இருப்பவர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். தெரிந்த பிறகும் குறைத்துக்கொள்ள மாட்டாள். "கத்தாதே" என்று சொன்ன யாரையும் அவள் மன்னித்ததாக வரலாறு இல்லை.

பிறவியிலேயே அப்படியில்லை. பதினாறு வயதில் சட்டன்-இன்-ஆஷ்ஃபீல்டின் காலுறை ஆலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரே தகரக் கூரையின் கீழ் நூற்றிருபது பின்னல் இயந்திரங்கள். காதில் அடைத்துக்கொள்ள ஒரு துண்டுப் பஞ்சுகூட யாரும் கொடுத்ததில்லை. அங்கே பெண்கள் சத்தமில்லாமல் வாயசைத்தே பேசிக்கொள்வார்கள். லோர்னாவும் அதே வாரம் சேர்ந்த பெர்னிஸ் ரேனரும் மேஸ்திரியை நிற்க வைத்துக்கொண்டே அவனுடைய மூக்கைப் பற்றி உதட்டால் அலசியிருக்கிறார்கள். பதினெட்டு வருஷம் போனது. முப்பத்து நாலாவது வயதில் ஒருநாள் வீட்டுத் தொலைபேசி அவள் கைக்குப் பக்கத்திலேயே அடித்து ஓய்ந்தது. அவள் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆலை வைத்தியர் "சளியா இருக்கும்" என்றார். கொடுத்த காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலக்கித் தலைக்குள் கொட்டியது. கரண்டி விழுவதும் மனிதர் பேசுவதும் அதற்கு ஒன்றுதான். நேருக்கு நேர், நல்ல வெளிச்சத்தில், ஒருவர் மட்டும் பேசினால் லோர்னா உதட்டைப் பார்த்து முழுதும் புரிந்துகொள்வாள். நாலு பேர் சேர்ந்து பேசினால் போச்சு. பேச்சு என்கிற பந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவதற்குள் அவள் தலையைத் திருப்ப வேண்டும். திருப்புவதற்குள் பந்து மூன்றாவது ஆளிடம் இருக்கும். எல்லாரும் சிரிப்பார்கள். "என்ன சொன்னீங்க?" என்று கேட்பாள். "ஒண்ணுமில்ல, விடு" என்பார்கள். அவள் கணவன் கிளைவ் அதைத் தினமும் சொன்னான். ஒருநாள் அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று ஏதோ சொன்னபோது, "ஒண்ணுமில்ல, விடு" என்று இவளே சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அந்த ஆட்டத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனது பெர்னிஸ்தான். ஆலையின் இயந்திரப் பழுதுகளைப் பார்க்கிற டெஸ்மண்ட் ஓல்ட்நோ ஞாயிறு மதியங்களில் தேவாலயக் கூடத்தின் மாடி அறையில் அதை நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஒரு கதையைத் தொடங்குவார். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்வார்கள். கதையில் யார் என்ன செய்வது என்பதை அவரவர் சொல்ல, பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

"பேச்சா பேசுற ஆட்டம்டி அது. எனக்கு எதுக்கு?" என்றாள் லோர்னா.

"வந்து பாரு கண்ணு. பிடிக்கலன்னா டீயக் குடிச்சிட்டு எழுந்திரிச்சு வா."

போனாள். மேசைமேல் ஒரு பெரிய தாள், அது முழுக்க அங்குலக் கட்டங்கள். கட்டங்களின் மேல் கட்டைவிரல் உயர ஈய ஆட்கள். குகை வாசலில் பச்சை அரக்கர்கள் ஏழு பேர். பாறைக்குப் பின்னால் வில்லோடு ஒருவன். தபால்காரன் காலின் விடோசனின் மந்திரவாதி, பாவம், அரக்கர்களுக்கு இரண்டே கட்டம் தள்ளி மாட்டிக்கொண்டு நிற்கிறான். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். லோர்னா அவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள். ஒரு நிமிஷத்தில் மொத்தச் சண்டையும் விளங்கிவிட்டது. எட்டி, வில்லாளியின் மேல் விரலை வைத்து, பாறையைச் சுற்றி மூன்று கட்டம் நகர்த்திக் காட்டி, "இவன் இங்க வந்தா அவனக் காப்பாத்தலாம்ல?" என்று கேட்டாள்.

அறை அமைதியானது என்பது அவளுக்கு எல்லாருடைய வாயும் நின்றதிலிருந்து தெரிந்தது.

"அட, நாங்க அரை மணி நேரமா மண்டைய உடைச்சிட்டிருக்கோம்," என்றார் டெஸ்மண்ட். "உக்காரு கண்ணு. கோட்டைக் கழட்டு."

ஆறு வருஷம் உட்கார்ந்தாள். நாட்டிங்ஹாம் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் நின்று பொறுக்கி, ஈட்டி ஏந்திய ஒரு பெண்ணை வாங்கிவந்தாள். தானே வண்ணம் பூசினாள். நீல மேலங்கி, துருப்பிடித்த கவசம், இடது கன்னத்தில் ஒரு தழும்பு. ஹெஸ்டர் என்று பெயர் வைத்தாள். வெறும் பயறளவு முகத்தில் அந்தத் தழும்பைப் போட மூன்றே முடி உள்ள தூரிகை வேண்டியிருந்தது. மற்றவர்களுடைய ஆட்களுக்கும் பிறகு அவள்தான் வண்ணம் பூசிக்கொடுத்தாள். டெஸ்மண்ட் நடத்துகிற விதமும் அவளுக்குப் பொருந்தியது. கதவு என்றால் மேசையில் ஒரு அட்டைக் கதவு இருக்கும். தீ என்றால் சிவப்புத் துணி. செத்தவனைச் சாய்த்துவைப்பார். அவள் வராத ஞாயிறு இல்லை. வாரத்தில் அந்த நாலு மணி நேரம்தான் யாரும் அவளுக்கு எதையும் "அப்புறம்" சொல்ல வேண்டியிராத நேரம்.

டெஸ்மண்ட் மகளோடு இருக்க கிரிம்ஸ்பிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஏட்ரியன் ஃபென்விக் வந்தான். கல்லூரியில் நாடகம் சொல்லிக்கொடுப்பவன். நல்ல குரல் என்று எல்லாரும் சொன்னார்கள். லோர்னாவுக்கு அவனுடைய தாடிதான் தெரிந்தது. மேலுதட்டை முழுக்க மூடிய தாடி.

முதல் ஞாயிறே தாளைச் சுருட்டி ஓரத்தில் வைத்தான்.

"ஒரு விஷயம் சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பொம்மைகள் நமக்கு வேண்டாம். பூதம்னு நான் சொன்னா ஆளுக்கொரு பூதம் மனசுக்குள்ள எழுந்திருக்கணும். இங்க என்ன நடக்குது? அரை விரல் ஈயத்தைப் பார்த்துக் கட்டம் எண்ணிட்டு உக்காந்திருக்கோம். இது சதுரங்கம் இல்லையே."

பெர்னிஸ் அதை உதட்டால் திருப்பிச் சொன்னதும், "எனக்கு அது வேணும்," என்றாள் லோர்னா. "எனக்குக் காது கேக்காது. அதப் பாத்துதான் நான் ஆடுறேன்."

"நான் நிறுத்தி, தெளிவாப் பேசுவேன், லோர்னா. கவலையே படாதீங்க. பழகிட்டா நீங்களே இதுதான் மேல்னு சொல்வீங்க."

"பெர்னிஸ் பக்கத்துலதான இருக்கா. அவ சொல்லிடுவா," என்றான் காலின்.

பெர்னிஸ் தலையாட்டினாள். லோர்னா அதை நம்பினாள். பிறகு பல மாதங்கள் அவள் பல்லைக் கடித்தது அந்தத் தலையாட்டலை நினைத்துத்தான்.

அடுத்த வாரம் ஏட்ரியன் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, பட்டப்பகலில் மெழுகுவர்த்தி ஏற்றினான். சூழல் வேண்டுமாம். உட்கார்ந்தும் பேசவில்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் மெதுவாக நடந்தபடி, ஒவ்வொருவர் தோளுக்கு மேலும் குனிந்து கிசுகிசுத்தான். லோர்னா கழுத்தைத் திருப்பித் திருப்பி அவனைத் தேடினாள். முகம் இருட்டில், வாய் தாடியில். அவளுக்குக் கிடைத்தது எதிரே மற்றவர்களின் கண்கள் மட்டும். கண்கள் விரிந்தால் ஏதோ பயங்கரம் வந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

"சத்தமா, இந்தப் பக்கம் பாத்து சொல்லுங்க!" என்றாள்.

"கத்தாதீங்க லோர்னா. எல்லாருக்கும் கலையுது."

முதல் இரண்டு வாரம் பெர்னிஸ் ஒவ்வொன்றையும் ஆலைப் பழக்கப்படி உதட்டால் திருப்பிச் சொன்னாள். மூன்றாவது வாரம் பாதி சொன்னாள். நாலாவது வாரம் லோர்னா அவள் கையைத் தட்டியபோது, கண்ணை ஏட்ரியனிடமிருந்து எடுக்காமலேயே, விரலை உயர்த்தி ஆட்டினாள்: இரு, அப்புறம். உண்மையில் ஏட்ரியன் அன்று நன்றாகத்தான் சொன்னான். வெள்ளத்தில் மூழ்கிய சுரங்கம், தண்ணீருக்கு அடியில் எரிகிற விளக்கு. பல வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையும் அதற்கு முன் ஆலையுமே கண்ட பெர்னிஸுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிருந்தது. இதையெல்லாம் லோர்னா பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டாள். கேட்டபோதும் அவள் மனம் இளகவில்லை.

ஆறாவது வாரம் ஹெஸ்டர் செத்தாள்.

லோர்னாவுக்குத் தெரிந்தவரை விஷயம் இதுதான்: பள்ளத்துக்குக் குறுக்கே ஒரு கயிற்றுப் பாலம், அக்கரையில் பூதம், பூதத்தின் காலடியில் காலினின் மந்திரவாதி. எல்லாரும் பேசிப் பேசி ஓய்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் முறை. ஹெஸ்டர் ஆறு வருஷமாக என்ன செய்வாளோ அதையே லோர்னா சொன்னாள்.

"பாலத்து மேல ஓடுறேன். ஈட்டிய நீட்டிக்கிட்டு நேரா பூதத்து மேல."

காலின் வாயைப் பொத்திக்கொண்டான். ஏட்ரியன் மெழுகுவர்த்திக்கு அருகே வந்ததால் இந்த ஒரு தடவை அவன் உதடு தெரிந்தது.

"பாலம் அறுந்து போச்சு லோர்னா. இப்பத்தான் சொன்னேன். நீங்க அந்தரத்துல ஓடிட்டிருக்கீங்க."

காலினால் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டான். பெர்னிஸும் சிரித்தாள். அது ஒரு நொடிதான். உடனே கையால் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் லோர்னா முகங்களைப் பார்த்தே பிழைப்பவள். அந்த நொடி அவளுக்குத் தப்பவில்லை.

"எனக்குத் தெரியாது. நான் மாத்திக்கிறேன்."

"சொன்னது சொன்னதுதானே. மத்தவங்களுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம்னு நான் செஞ்சா உங்களுக்கே அவமானம் இல்லையா?" என்று பகடையை அவளிடம் நீட்டினான். அவள் எடுக்கவில்லை. அவனே உருட்டினான். ஹெஸ்டர் நூறடிப் பள்ளத்தில் விழுந்தாள்.

"ஆட்டந்தானே கண்ணு," என்றான் காலின். "அழாத. வேற ஒருத்திய உருவாக்கிக்கலாம்."

"யாருடா அழறா?" அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. நேரே ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாள். வளையங்களில் பாதி கழன்று வந்துவிட்டது. மதியத்து வெயில் மேசைமேல் கொட்டியது. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். "இப்ப சொல்லு. வெளிச்சத்துல நின்னு சொல்லு. பாலம் எப்ப அறுந்துச்சு? யார் என்கிட்ட சொன்னது? ஒரு நூலையாவது இந்த மேசைல போட்டு எடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஒரு நூல்! அதுக்குக்கூட உன் கற்பனை குறைஞ்சிடுமா?"

"கத்தாம பேசினா…"

"கத்துவேன்! பதினெட்டு வருஷம் உங்க எல்லார் காலுக்கும் காலுறை பின்னிப் பின்னிப் போன காது இது. கத்தத்தான் செய்வேன்." பெர்னிஸ் பக்கம் திரும்பினாள். அவளிடம் மட்டும் குரல் இல்லாமல், உதட்டால் மட்டும் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை இருவரும் யாரிடமும் சொன்னதில்லை. பெர்னிஸின் முகம் வெளுத்துப்போனது.

ஹெஸ்டரை எடுத்துப் போக அலமாரியைத் திறந்தாள். டெஸ்மண்ட் ஒவ்வொரு ஆளையும் பஞ்சில் சுற்றிப் படுக்கவைத்திருந்த மரப்பெட்டியில் அவர்கள் இல்லை. பெட்டியில் இப்போது ஏட்ரியனின் மெழுகுவர்த்திகள். ஆட்கள் அத்தனை பேரும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் மொத்தமாகக் கொட்டிக் கிடந்தார்கள். ஈயம் மிருதுவானது. வாள்கள் வளைந்திருந்தன. ஆறு வருஷ வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்து டப்பாவின் அடியில் கலர்ப்பொடியாகக் கிடந்தது. ஹெஸ்டரின் ஈட்டி பாதியில் ஒடிந்திருந்தது. தழும்பு இருந்த கன்னமே தேய்ந்து வெள்ளையாக மின்னியது.

அவள் டப்பாவை முழுதாக எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அது நம்ம ஆட்டச் சங்கத்தோடது," என்றான் ஏட்ரியன்.

"வண்ணம் என்னோடது. சுரண்டி எடுத்துக்கோ."

வீட்டுக்கு நடந்தே போனாள். அடுப்பில் வைத்த டீத்தண்ணீர் சுண்டிப் பாத்திரம் கருகியது. அந்த வாரம் முழுக்கக் குளிக்கும்போதும் பேருந்தில் நிற்கும்போதும் ஏட்ரியனுக்குப் பதில்கள் தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கூர்மையானது. வியாழக்கிழமை ஏட்ரியனிடமிருந்து கடிதம் வந்தது. அவளுக்காகத் தனியாக ஒரு குறிப்பு எழுதித் தருவானாம். ஹெஸ்டர் ஒரு கிளையில் தொங்கிப் பிழைத்துக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாமாம். "உங்கள் நிலைமையைக் கருதி" என்று எழுதியிருந்தான். அந்த மூன்று வார்த்தையைப் படித்ததும் கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பிறகு உட்கார்ந்து, முதல் ஆளின் வளைந்த வாளைக் குறட்டால் நிமிர்த்த ஆரம்பித்தாள்.

எல்லாரையும் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. ஹெஸ்டரை மட்டும் தொடவில்லை. ஒடிந்தபடியே ஒரு மேசை இழுப்பறையில் போட்டுவைத்தாள்.

பிறகு நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு அட்டையை ஒட்டினாள்: சனிக்கிழமை காலை பத்து மணி, தன் வீட்டு முகவரி, 'ஆட்களை வைத்து ஆடும் ஆட்டம். நடத்துபவர் செவிடு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும்.' நூலகர் 'செவிடு' என்ற சொல்லை மாற்றச் சொன்னார். "என் காது, என் வார்த்தை" என்றாள்.

நாலு பேர் வந்தார்கள். காதில்லாதவள் எப்படி நடத்துவாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவனும் அதில் உண்டு. லோர்னா ஒரே ஒரு விதி வைத்தாள். பேசுகிறவன் தன் ஆளைக் கையில் எடுத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். கையில் ஆள் இல்லாமல் பேசினால் அது பேச்சே இல்லை. முதல் வாரம் எல்லாரும் மறந்து மறந்து விழித்தார்கள். மூன்றாவது வாரம், எல்லாரும் சேர்ந்து கத்துகிற ஆட்டங்களைவிட இதில் சண்டை சீக்கிரம் முடிகிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவனே சொன்னான்.

பெர்னிஸ் வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை வந்து நின்றாள். லோர்னா கதவைப் பாதி திறந்தாள்.

பெர்னிஸ் குரல் எடுக்கவில்லை. ஆலையில் பேசுவதுபோல உதட்டால், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "தப்பு என் மேலதான். கதைல மூழ்கிட்டேன். உன்ன மறந்துட்டேன்."

"மறந்தது பரவால்ல. சிரிச்சியே?"

"சிரிச்சேன்." பெர்னிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு என்கிட்ட பதில் இல்லடி."

லோர்னா கதவை முழுதாகத் திறந்தாள். சாக்குச் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள். "உள்ள வா. ஒரு நாற்காலி இருக்கு. ஆனா எனக்கு இன்னும் கோபம் போகல, தெரிஞ்சுக்கோ. எப்பப் போகும்னும் தெரியாது."

"இருக்கட்டும். கோபத்தோடயே டீ போடு," என்றாள் பெர்னிஸ்.

அடுத்த வருஷம் மான்ஸ்ஃபீல்ட் செவிடர் சங்கத்திலிருந்து மாரிஸ், தெல்மா என்று ஒரு தம்பதி வந்தார்கள். கையால் பேசுகிறவர்கள். கையில் ஆளைத் தூக்கிக்கொண்டு அவர்களால் எப்படிப் பேச முடியும்? லோர்னாவின் ஒரே விதி அன்றே உடைந்தது. ஒரு ஜாம் பாட்டிலின் சிவப்பு மூடியை மேசை நடுவில் வைத்தாள். பேசுகிறவன் தன் ஆளை அதன்மேல் நிறுத்தினால் போதும். அதுவரை தனக்கு வசதியாக ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அதனால் அவள் முகம் அவர்களுக்கு இருட்டாகத் தெரிகிறது என்று தெல்மா காட்டியபோது மேசையையே திருப்பிப் போட்டாள்.

இருந்தும் ஒருநாள் தவறு செய்தாள். கதை எழுதிவைத்த புத்தகத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே, வாசலுக்கு அப்பால் ஒரு குழி இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். மேசையில் எதுவும் வைக்கவில்லை. தெல்மாவின் ஆள் நேராக அதில் போய் விழுந்தான். விழுந்தாய் என்று லோர்னா சொன்னதும் தெல்மா மேசையை ஓங்கி அறைந்தாள். ஆட்கள் அத்தனை பேரும் துள்ளிச் சாய்ந்தார்கள். அவளுடைய விரல்கள் காற்றை வெட்டின. லோர்னாவுக்குக் கைமொழி பாதிதான் வரும். ஆனால் அது என்ன என்று அவளுக்கு விளங்க மொழியே வேண்டியிருக்கவில்லை.

முதலில் அவளுக்கும் சுர்ரென்று ஏறியது. நான் சொன்னேனே என்று வாய்வரை வந்துவிட்டது. அந்த வாக்கியம் தன் நாக்கில் இருப்பதை உணர்ந்ததும் முகம் எரிந்தது. எழுந்து, கறுப்புத் துணியில் ஒரு வட்டம் வெட்டி, வாசலுக்கு அப்பால் வைத்தாள். தெல்மாவின் ஆளை இரண்டு கட்டம் பின்னால் நிறுத்தினாள். "என் தப்பு. திரும்ப ஆடு," என்று கையால் சொன்னாள். தெல்மா இன்னும் ஒரு நிமிஷம் முறைத்துவிட்டுத்தான் பகடையைத் தொட்டாள். அந்த முறைப்பை லோர்னா குறைசொல்லவில்லை.

ஏட்ரியனை அதற்குப் பல வருஷம் கழித்து ஒரு தடவை சனிச் சந்தையில் காய்கறிக் கடை முன்னால் சந்தித்தாள். தாடியை எடுத்திருந்தான். மெழுகுவர்த்திக் குழு இன்னும் நடக்கிறது, காலின் அங்கேதான் இருக்கிறான் என்றான்.

"உங்களால சங்கம் ரெண்டா உடைஞ்சு போச்சேன்னு எனக்கு வருத்தம்தான் லோர்னா. ஆனா பழசை மறந்திடலாமே. நீங்க வந்தா எனக்குச் சந்தோஷம். ஹெஸ்டரை உயிரோட திருப்பித் தரவும் நான் தயார்."

தாடி இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குத் தெளிவாகக் கிடைத்தது.

"என்னால இல்ல, உன்னால உடைஞ்சது. அவ செத்துட்டா. கொன்னவன் நீ. உயிர் கொடுக்குறேன்னு இரக்கம் காட்டாத," என்றாள். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். குரல் உயர்ந்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். "இன்னொரு விஷயம். இப்பத்தான் உன் வாய் தெரியுது. ஏழு வருஷம் முன்னாடியே சவரம் பண்ணியிருந்தா பாதிச் சண்டை மிச்சமாயிருக்கும். வழிய விடு, எனக்குக் கேரட் வேணும்."

இரண்டு கட்டு வாங்கிக்கொண்டாள். மணி ஒன்பதரை ஆகியிருந்தது. பத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், தாள் இன்னும் விரிக்கவில்லை. மார்க்கெட் வீதியில் யாருக்கும் வழிவிடாமல் வேகவேகமாக நடந்தாள்.